மூன்று முறை திரும்பி வந்த ராஜினாமா

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் ராஜினாமாக் கடிதத்தைச் சீனியர் மேஜையில் வைத்தேன். செவ்வாய் காலை அது பச்சை மைத் திருத்தங்களோடு என் மேஜைக்கே திரும்பி வந்தது.

மற்ற இடங்களில் ராஜினாமா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் போகாதே என்று கெஞ்சுவார்கள். ரொம்பப் போனால் கத்துவார்கள். எங்கள் சீனியர் பிழை திருத்துவார். மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட அந்த வக்கீல் ஆபீசில் எட்டு வருஷமாக நான் குப்பை கொட்டியது இந்த மனிதரிடம்தான்.

மனுவில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நான் சேர்ந்த முதல் நாள் எழுதிக் கொடுத்த ஒரு பக்க நோட்டீசில் முப்பத்தொரு பச்சைக் கோடு. நான் அழவில்லை. பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. பச்சை படாமல் ஒரு பக்கம் திரும்பி வந்தால் அதுதான் பாராட்டு. அப்படி இதுவரை பதினேழு பக்கம் வாங்கியிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஞாயிறு, திங்கள் என்ற வித்தியாசமெல்லாம் அவருக்குக் கிடையாது. என் அண்ணன் கல்யாண வரவேற்பில், குடும்பமே வரிசையாகப் போட்டோவுக்கு நிற்கும்போது போன் செய்து, "அந்தப் பழைய தீர்ப்பு எங்க இருக்கு?" என்று கேட்டவர். "உங்க இடது முழங்கைக்குக் கீழ, சார்" என்றேன். அங்கேதான் இருந்தது. அந்தப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேறு எங்கேயோ பார்க்கிறேன். அண்ணி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

இப்படிப்பட்டவரை விட்டுப் போக ஆயிரம் காரணம் சொல்லலாம். என் காரணம் ஒன்றுதான். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது. எப்போது, எதனால் என்று கேட்டால் சாட்சி எதுவும் கிடையாது. பத்தடி தூரத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை எட்டு வருஷம் பார்த்தால் இப்படி ஆகுமோ என்னவோ. முப்பத்தைந்து வயதில், பதினாறு வயதுப் பெண் மாதிரி லிஃப்ட் சத்தத்துக்குத் தலை தூக்கிப் பார்ப்பது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவருக்கு நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஒரு காலத்தில் நிச்சயம் பண்ண இருந்த பெண் எழுதிய கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பினார், அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது என்று எங்கள் குமாஸ்தா அக்கா சொல்வாள். பொய்யாக இருக்காது.

ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு துறைமுகக் கம்பெனி சட்ட அதிகாரி வேலைக்கு ஆள் கேட்டது. யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. என் பெயரில், என் கையெழுத்தில் காகிதம் போகும் வேலை. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரே நிபந்தனை, இப்போதைய சீனியர் கையெழுத்திட்டு என்னை விடுவித்த கடிதத்தை இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள், நாலு தெரு தள்ளி இருக்கும் அவர்கள் கிளை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

முதல் கடிதத்தில் நாலே வரிதான் எழுதியிருந்தேன். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், வெள்ளியோடு விடுவிக்கவும். புது வருஷம் பிறந்த இரண்டாம் நாள் ஆகையால் கைப்பழக்கத்தில் போன வருஷத்தைப் போட்டிருந்தேன். அதைச் சுழித்திருந்தார். 'சொந்தக் காரணங்கள்' கீழே ஒரு கோடு, ஓரத்தில் 'எவை? விவரம் இல்லை.' அடியில், குறையுள்ள மனுவைக் கோர்ட்டில் திருப்பும்போது எழுதுகிற அதே பாணியில், 'குறைகளை நீக்கி மீண்டும் தாக்கல் செய்க.'

நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், இது மனு இல்ல. ராஜினாமா."

"தெரியுது." தலையைத் தூக்கவில்லை. "ராஜினாமாவா இருந்தா தப்பா இருக்கலாம்னு எங்க எழுதியிருக்கு?"

"துறைமுகக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு சார். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள உங்க கையெழுத்தோட கொடுக்கலன்னா போயிடும்."

"இன்னைக்குச் செவ்வாய்தானே?" என்று சொல்லிவிட்டுத் தடித்த ஒரு காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். "இதையும் பாத்துடுங்க. சினிமாக் கதையாம். டைரக்டரம்மா அனுப்பியிருக்காங்க. சட்டப் பிழை மட்டும் பாருங்க. காதல் பிழை எல்லாம் நமக்கு வேண்டாம்."

நூற்றுப் பதினொரு பக்கம். ஒரு பெண் வக்கீலும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கும் முதலாளியும். பத்தொன்பதாவது காட்சியில் அவள் ஃபைலோடு கால் தடுக்கி அவன் மேல் விழுகிறாள். 'எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட விழ வாய்க்கவில்லை' என்று பென்சிலில் எழுதிவிட்டு, அவசரமாக அழித்தேன். கடைசிக் காட்சியில் அவன் ஓடுகிற ரயிலில் தாவி ஏறி, பெட்டி பெட்டியாக அவளைத் தேடிக் காதலைச் சொல்கிறான். 'ஓடும் ரயிலில் ஏறுவது குற்றம்' என்று குறித்தேன். சீனியர் அதன் கீழே பச்சையில் 'அபராதமும் உண்டு' என்று சேர்த்தார். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'டிக்கெட் எடுத்திருந்தானா?'

செவ்வாய் சாயங்காலம் இரண்டாவது கடிதம். தொழில் முன்னேற்றம் கருதி விலகுகிறேன், இங்கே எட்டு ஆண்டுகள் பணிபுரிந்தேன் என்று விவரமாக எழுதினேன். புதன் காலை திரும்பி வந்தது. 'முன்னேற்றம்' பக்கத்தில் 'போதுமான காரணம் அல்ல.' 'எட்டு ஆண்டுகள்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'எட்டு ஆண்டுகள், மூன்று மாதங்கள், பதினொரு நாட்கள்.' என்ன மனிதர் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகிறவளிடம்கூடக் கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம்!

புதன் மாலை மூன்றாவது. நாள் கணக்கில் ஒன்றைக் கூட்டிப் பன்னிரண்டு என்று போட்டேன். வாயை அடைக்க வேண்டும் என்றே, 'இங்கு மகிழ்ச்சியாகப் பணிபுரிந்தேன்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். வியாழன் காலை வந்தது. நாள் கணக்கின் மேல் ஒரு சரி. 'மகிழ்ச்சியாக' என்பதன் கீழே கோடு. ஓரத்தில் 'ஆதாரம்?' 'என்னை விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரியில் 'விடுவிக்க' மட்டும் வட்டமிட்டு, 'வேறு சொல் இல்லையா?'

மூன்று தாளையும் அந்தச் சினிமாக் கட்டின் அடியில் செருகினேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. ஜன்னலுக்குப் போனேன், தண்ணீர் குடித்தேன், திரும்ப ஜன்னலுக்குப் போனேன். ஒரு வார்த்தை, 'போகாதீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை அந்த மனிதர் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேனோ என்று பயந்தேன். சொல்லவே மாட்டார் என்றும் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் படியிறங்கித் தெருக்கோடி வரை போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

வந்தபோது மேஜை காலியாக இருந்தது.

"சினிமாக் கட்டு போயாச்சு மேடம்," என்றாள் குமாஸ்தா அக்கா, ஊசியை நூல்கண்டில் குத்திக்கொண்டே. "உங்க மேஜையில பச்சை பட்டது எல்லாத்தையும் எடுத்து, நம்பர் அடிச்சு, தச்சு அனுப்பிட்டேன்."

எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. பச்சை பட்ட காகிதத்தைக் கிழிக்கக் கூடாது, தனியாக வைக்கவும் கூடாது. அக்கா வந்து எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நம்பர் முத்திரை அடித்து, கெட்டி நூலால் தைத்து, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவாள். தைப்பதைப் படிக்க மாட்டாள். கட்சிக்காரர் ரகசியத்தில் கண் வைப்பது பாவம் என்பது அவள் கொள்கை. சரிக்கா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

வீட்டில் தங்கை பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பல் டாக்டர்.

"என்னக்கா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?"

"கையெழுத்துப் போட மாட்டேங்கறார்டி."

"அதுக்கா இவ்வளவு நடை? போட்டுட்டார்னா என்ன பண்றதுன்னுதானே நடக்குற?" நான் ஜன்னலை மூடப் போனேன். "நாள் பூரா ஊர்ல இருக்கறவங்க வாயையெல்லாம் திறக்க வைக்கிறேன். உன் வாயைத் திறக்க வைக்க முடியலையே எனக்கு. நேரா கேளேன் அவரை."

"நாளைக்குக் கையெழுத்தை வாங்கிட்டுக் கிளம்புறேன். அவ்வளவுதான். இனிமே அதைப் பத்திப் பேசாத."

அப்போதே, கோபத்தோடு கோபமாக, கம்ப்யூட்டரில் முதல் கடிதத்தைத் திறந்தேன். விவரம், காரணம், மகிழ்ச்சி ஒன்றும் கிடையாது, அந்த நாலு வரிதான். தேதியில் இரண்டை ஆறாக்கி அச்செடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் காலையிலேயே கோர்ட்டுக்குப் போய்விட்டார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. என் நாற்காலியில் முள் முளைத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, முக்கியதை மறந்தேன்; அது உள்ளேயே கரைந்து போனது. நாலு மணிக்கு அவர் படியேறி வந்தார். கோட்டைக் கழற்றுவதற்குள் உள்ளே போய் நின்றேன். கடிதத்தை நீட்டப் போகிறேன், மேஜை மேலிருந்த போன் அடித்தது.

கட்சிக்காரர் போன் என்றால் ஸ்பீக்கரில் போடுவார், நான் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். அதுவும் வழக்கம். கை தானாக நோட்டை எடுத்துக்கொண்டது.

"சார், நான்தான் டைரக்டர் பேசறேன்." கரகரத்த பெண் குரல். "கட்டு வந்துச்சு. ரயில் காட்சிக்கு நீங்க எழுதின நோட்டைப் பாத்து எங்க ஆளுங்க எல்லாம் சிரியோ சிரின்னு சிரிச்சாங்க. அது இருக்கட்டும். நூத்திப் பன்னண்டு, பதிமூணு, பதினாலு. இந்த மூணு பக்கத்தை எழுதினது யாரு?"

"உங்க கதை நூத்திப் பதினொண்ணோட முடியுதே, மேடம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். அந்தப் பொண்ணு ராஜினாமா கொடுக்குது. அந்தாளு திருத்தித் திருத்தி அனுப்பறான்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீனியர் ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார். பாதி வழியில் அந்தக் கை நின்றுபோனது.

"என் எழுத்தாளருக்குச் சுட்டுப்போட்டாலும் இப்படி வராது சார்," என்று அந்தம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "அந்தப் பொண்ணு எட்டு வருஷம்னு எழுதுது. அவன் அடிச்சிட்டு எட்டு வருஷம், மூணு மாசம், பதினொரு நாள்னு போடறான். எந்த முதலாளி சார் நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான்? அப்புறம் மகிழ்ச்சின்னு எழுதினா ஆதாரம் கேக்கறான். பாவம், அவ நிஜமாவே சந்தோஷமா இருந்தாளான்னு தெரிஞ்சுக்க அவனுக்கு வேற வழி தெரியல. அவளுக்கும் புரியல. ரெண்டும் படிச்ச முட்டாளுங்க. இதை நான் வாங்கிக்கறேன். யார்கிட்ட பேசணும்?"

கை குறிப்பெடுக்கும் பழக்கத்தை விடவில்லை. நோட்டில் 'நாளை எண்ணுகிறான்' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே 'படிச்ச முட்டாளுங்க'. எழுதியதைப் படித்தபோதுதான் என் பதினேழு பக்கங்கள் ஞாபகம் வந்தன. நானும்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது விற்பனைக்கு இல்ல, மேடம்," என்றார் சீனியர். "தவறுதலா சேந்துடுச்சு. மூணு பக்கத்தையும் திருப்பி அனுப்பிடுங்க." போனை வைத்தார்.

அவர் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கோபம்.

"அந்தம்மா சொல்றது நிஜமா, சார்?"

"வாசகம் சரியில்ல. ஆனா... உண்மைதான்."

"அப்ப நாலு நாளா என்னை ஏன் அலைக்கழிச்சீங்க? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொடுக்கலன்னா எனக்கு அந்த வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தப்புதான்." அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "நான் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறவன். நான் போகாதீங்கன்னு சொன்னா அது உத்தரவு மாதிரி ஆயிடும். வேற ஏதாவது சொன்னா அதைவிட மோசம். அதனால எதுவும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். ஆனா கையெழுத்துப் போடவும் கை வரல. பேனாவை எடுத்தா ஒரு பிழை கண்ணுல பட்டுச்சு. சரி, இன்னும் ஒரு நாள் கிடைச்சுதுன்னு..." நிறுத்தினார். "உங்க வேலையோட விளையாட எனக்கு உரிமை இல்ல. கொடுங்க."

நான்காவது கடிதத்தை நீட்டினேன். அவர் பச்சைப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கினார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். 'விடுவிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. பதினெட்டாவது பக்கம். மற்ற பதினேழுக்கும் ஆபீஸே கேட்கச் சிரித்தவள், இதை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் வெளியே வந்தேன்.

மணி நாலேகால். படியிறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மை காய்ந்திருக்கிறதா என்று கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே, தேதியில், போன வருஷம்.

முதல் கடிதத்தைத் திறந்து இரண்டை மட்டும் ஆறாக்கிய என் புத்தி! இந்தக் காகிதப்படி நான் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது. கிளை ஆபீசில் கையால்கூடத் தொட மாட்டார்கள். ஆனால் நான் படியிலேயே நின்றது அதனால் இல்லை. திங்கட்கிழமை இதே பிழையைச் சுழித்தவர் அவர். கமா நகர்ந்தால் சாப்பாடு இறங்காதவர், ஒரு முழு வருஷத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

இரண்டிரண்டு படியாக ஏறினேன். குமாஸ்தா அக்கா ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"சார், இதுல ஒரு பிழை இருக்கு."

"இருக்காதே. நான் பாத்தேனே." திரும்பி வந்து தாளை வாங்கினார். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நெற்றியில் இருந்தது. நானே கை நீட்டி அதைக் கண்ணுக்கு இறக்கிவிட்டேன். கண்கள் கலங்கியிருந்தன. தேதியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம்.

"கண்ணு சரியா தெரியல அப்ப," என்றார் மெதுவாக.

வருஷத்தைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். நாலு இருபத்தைந்து. தாளை மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றேன்.

"இப்ப நீங்க எனக்குச் சீனியர் இல்ல. சம்பளம் கொடுக்கறவரும் இல்ல. ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லலாம். நான் அஞ்சு மணிக்கு நாலு தெரு தள்ளி இருக்கணும்."

அவர் கோர்ட்டில் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் வாதாடுகிறவர். இப்போது மேஜை நாட்காட்டியை எடுத்து அதைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அங்க... ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

"உண்டு."

"ரயில் ஆறு மணி நேரம்தான். வந்து பாக்கலாமா உங்களை? டிக்கெட் எடுத்துட்டுத்தான் வருவேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பல்லைக் கடித்து இரண்டையும் நிறுத்தினேன். "எந்த ஞாயிறு? தேதி இல்லாம இருக்கே. குறையோட வந்தா எடுத்துக்க முடியாது."

"பதினாறு," என்றார் அவசரமாக. "வர பதினாறாம் தேதி ஞாயிறு."

"பதினாறு திங்கட்கிழமை, சார்."

அரை மணி நேரத்தில் இரண்டாவது பிழை. நாட்காட்டியை வாங்கினேன். மேஜையில் கிடந்த பச்சைப் பேனாவை எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் எடுத்து, பதினைந்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து ஓடினேன்.